'கர்ரி': ஒரு சொல்லா, இரு சொல்லா?

ஆம்பூருக்குப் பெயர் தேடித் தந்தவை இரண்டு. ஒன்று தோல், மற்றொன்று பிரியாணி. தோலும் கறியும் அடுத்தடுத்து மணக்கும் இவ்வட்டாரத்தில் பிறந்த நமக்கு, 'கர்ரி' என்னும் ஆங்கிலச் சொல் நல்ல வேடிக்கை காட்டுகிறது. அது குழம்பையும் குறிக்கும். பதனிட்ட தோலுக்கு எண்ணெயூட்டி மெருகேற்றுவதையும் குறிக்கும். போதாக்குறைக்கு, முகத்துதி செய்து காரியம் சாதிப்பதையும் குறிக்கும். வகுப்பில் நண்பர் ஒருவர் 'கர்ரி ஃபேவர்' என்பதைக் 'கறி விருந்து வைத்து ஆதரவு தேடுதல்' என்று மொழிபெயர்த்தார். அனைவரும் சிரித்தோம். ஆயினும் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படி ஆதரவு தேடுவோரை நாம் பார்த்ததில்லையா என்ன!

முதலில் அடுப்பங்கரைக்கு வருவோம். உணவைக் குறிக்கும் 'கர்ரி' நம்முடைய 'கறி'யே என்பது பெரும்பாலோர் கருத்து. சங்க நூல்களில் கறி என்றால் மிளகு. பட்டினப்பாலை புகார்த் துறைக்கு வந்த மிளகு மூட்டைகளை இச்சொல்லாலேயே சுட்டுகிறது. இன்று வேலூர்ப் பக்கத்தில் 'கறி எடுத்து வா' என்றால் ஆட்டிறைச்சி; யாழ்ப்பாணத்தில் மரக்கறி என்றால் காய்கள். போர்த்துக்கீசியர் இதனைக் 'காரில்' என்றனர். 1598-இல் வெளியான ஒரு பயண நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இச்சொல் தலைகாட்டுகிறது. 1747-இல் ஹன்னா கிளாஸ் என்னும் அம்மையார் தம் சமையல் நூலில் 'இந்திய முறைக் கறி'க்குச் செய்முறையே தந்துவிட்டார். மசாலையிட்ட குழம்பு எதுவாயினும் ஆங்கிலேயருக்குக் 'கர்ரி'தான். சாம்பார் வேறு, காரக்குழம்பு வேறு, தொக்கு வேறு என்னும் நம் கணக்கு அவர்களுக்குப் பிடிபடவில்லை.

தோலுக்குரிய 'கர்ரி'யோ வேறு குடியில் பிறந்தது. பழைய பிரெஞ்சு மொழியில் 'ஆயத்தப்படுத்துதல்' என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்தது. பதனிட்ட தோல் விறைப்பாக இருக்கும். அதனைச் சீவி மெல்லியதாக்கி, கழுவி, விலங்குக் கொழுப்பும் மீனெண்ணெயும் ஊட்டித் தேய்த்து, வளையும் தன்மை தருபவரே 'கர்ரியர்'. இங்கிலாந்தில் தோல் பதனிடுபவரும் கர்ரியரும் நெடுங்காலம் தனித்தனித் தொழிலினர்.

இந்த வேறுபாடு நமக்கு வெறும் அகராதிச் செய்தியன்று. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய நம் பகுதித் தோல்கள் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்னும் பெயருடன் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போயின. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களின் காலணிகளுக்கு அவை பெரிதும் பயன்பட்டன. ஆனால் அவை அரைகுறையாகப் பதனிட்ட தோல்கள். பட்டையும் சுண்ணாம்பும் துர்நாற்றமும் இங்கே; மெருகும் அதற்குரிய விலையும் அங்கே! 1973-இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்து, அரைப்பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடுகள் இறுகிய பின்னர்தான் மெருகேற்றும் வேலையும் காலணித் தொழிலும் இப்பக்கத்தில் பெருகின. இப்போது அவ்வேலைக்கு எல்லாரும் 'ஃபினிஷிங்' என்கிறார்கள். கர்ரியர் என்றால் டேனரிக்காரருக்கே தெரிவதில்லை.

குதிரையைத் தேய்த்துச் சீவுவதும் இதே பிரெஞ்சுச் சொல்தான். முகத்துதிப் பொருள் அந்த லாயத்திலிருந்தே புறப்பட்டது. 1310-ஐ ஒட்டிப் பிரான்சில் 'ஃபோவெல்' என்னும் குதிரையை வைத்து ஓர் அங்கதக் காவியம் எழுந்தது. பதவியில் இருப்போர் அனைவரும் போட்டியிட்டுக்கொண்டு அக்குதிரையைத் தேய்த்துவிடுகிறார்கள். 'ஃபோவெலைத் தேய்த்தல்' ஆங்கிலத்தில் 'கர்ரி ஃபேவல்' ஆயிற்று. குதிரை மறந்துபோகவே, 'ஃபேவல்' 'ஃபேவர்' எனத் திரிந்தது. நம்மவர் 'காக்காய் பிடித்தல்' என்பதும், 'கால் கை பிடித்தல்' திரிந்ததே என்பர் சிலர். அப்படியாயின் அங்கே குதிரைக்குத் தேய்த்தது, இங்கே மனிதருக்குப் பிடித்தது, வேலை ஒன்றுதான்.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டில் இரு சொற்கள். தமிழிலோ அடுப்பங்கரைக்கும் டேனரிக்கும் உண்மையாகவே பொதுவான சொல் ஒன்று உண்டு. அதுதான் 'பதம்'. பாகு பதமாக இருக்க வேண்டும். தோலையும் பதனிட வேண்டும். சோற்றை விரலால் நசுக்கிப் பார்க்கும் என் தாயும், தோலை மடித்து அழுத்திப் பார்க்கும் மேஸ்திரியும் பார்ப்பது பதமே. கத்தி தவறி விரலில் பட்டாலும் 'பதம் பார்த்துவிட்டது' என்கிறோம். ஆனால் சொல் என்னும் பொருளில் இலக்கண வகுப்பில் நாம் படிக்கும் 'பதம்' வடமொழியிலிருந்து வந்த வேறொன்று. அகராதிக்காரர் அங்கும் இரு பதிவுகள் போட வேண்டியதாயிற்று.