மூடுபனியிலும் கலையாத புருவம்

கோடை விழாவுக்கு ஏற்காடு கிளம்புகிறீர்களா? சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனி முகத்தில் படியும்போது சாதாரண ஐப்ரோ பென்சில் ஈஷிக்கொள்ளும். வாட்டர்ப்ரூஃப் பென்சிலே நல்லது. கன்னங்கரேலென்ற நிறம் வேண்டாம். அடர் பழுப்பு எடுத்து, முடி குறைவான இடத்தில் மட்டும், முடி வளரும் திசையிலேயே சின்னச் சின்னக் கோடுகளாக வரைந்து, பிரஷ்ஷால் சீவிவிடுங்கள். மூக்குப் பக்க முனையில் அழுத்தி வரைந்தால் முகம் சிடுசிடுவென்று தெரியும். அங்கே லேசாகத் தொட்டாலே போதும்.

புருவத்தைப் போலவே ஃபவுண்டேஷனிலும் கவனம் வேண்டும். பிளெண்டிங் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து, உப்பியதும் ஒட்டப் பிழிந்து, ஃபவுண்டேஷனை ஒற்றி ஒற்றிப் பரப்புங்கள், தேய்க்கவே கூடாது. மலைக் குளிரில் ஸ்பாஞ்ச் சீக்கிரம் காயாது. ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். சோப்பு போட்டு அலசி, காற்றாட வையுங்கள். கரும்புள்ளி தெரிந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.