பட்டுப்புழு கற்பித்த கிருமிப் பாடம்

ஆரணிப் பட்டின் புகழ் நெசவாளரின் கைத்திறத்தால் வளர்ந்தது. ஆனால் அப்பட்டுக்கு இழை தந்த புழு மனித குலத்திற்குச் செய்த மற்றோர் உதவியை நம் அங்கத்தினர் பலர் அறியார். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால் நோய் உண்டாகிறது என்னும் உண்மையை உலகம் முதலில் கற்றுக்கொண்ட இடங்களுள் புழு வளர்ப்பு மனையும் ஒன்று.

1835-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு அகஸ்தினோ பாஸி என்பார், புழுவைச் சுண்ணாம்புக் கட்டிபோல் இறுகச் செய்யும் நோய்க்கு ஒரு நுண்ணிய காளானே காரணம் என்று மெய்ப்பித்தார். பின்னர்ப் பிரான்சு நாட்டுப் பட்டுத்தொழில் பெப்ரின் நோயால் அழியும் நிலையை அடைந்தபோது, 1865-இல் லூயி பாஸ்டர் ஆராய்ச்சியை மேற்கொண்டார். முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, கிருமி காணப்படின் அதன் முட்டைகளை அழித்துவிடும் முறையை வகுத்தார். முட்டை உற்பத்தி நிலையங்களில் தாய்ப்பூச்சிச் சோதனை இன்றும் நடைபெறுகிறது.

புழு வளர்ப்போர் நான்கு நோய்களை அறிவர். பால்புழு நோய் வைரஸால் வருவது. புழு தளர்ந்து அழுகும் பிளாச்சரி நோயில் பாக்டீரியாவுக்குப் பெரும் பங்குண்டு. சுண்ணாம்புக்கட்டி நோய் காளானால் வருவது. பெப்ரின், புழுவின் உடலணுவுக்குள் வாழும் ஓரணு ஒட்டுண்ணியால் வருவது. மனிதனைத் தாக்கும் கிருமிகளிலும் இத்தகைய பல வகைகள் உண்டு. ஒவ்வொன்றும் தாக்கும் வழி வேறு. ஆதலின் அதற்குரிய மருந்தும் வேறு. இதை நாம் தெளிவாக உணர வேண்டும்.

1. பாக்டீரியா

இவை தாமே உண்டு, தாமே பெருகும் ஓரணு உயிர்கள். சில, நஞ்சைச் சுரந்து தீங்கு செய்யும். காலராக் கிருமி குடலைத் துளைப்பதில்லை. அதன் நஞ்சு குடலிலிருந்து நீரை வெளியே கொட்டச் செய்கிறது. இதனை 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்னும் நம் நாட்டு மருத்துவர் கண்டறிந்தார். இழந்த நீரையும் உப்பையும் உடனே ஈடுசெய்தால் உயிர் தப்பும் என்பதற்குக் காரணம் இதுவே.

காசநோய்க் கிருமியின் வழி வேறு. 1882-இல் ராபர்ட் காக் கண்டறிந்த இக்கிருமி, தன்னை விழுங்க வரும் காவல் அணுக்களுக்குள்ளேயே தங்கி மெதுவாகப் பெருகும். அதனுடன் உடல் நடத்தும் நெடும்போரில் நுரையீரலே சிதைகிறது.

2. வைரஸ்

இது தானாகப் பெருகும் ஆற்றல் அற்றது. நம் உடலின் அணுவுக்குள் புகுந்து, அவ்வணுவையே தன் போன்ற பிரதிகளைச் செய்யும்படி ஏவுகிறது. பிறர் தறியில் ஏறித் தன் சேலையை நெய்துகொள்வது போன்றது இது. சளிக்காய்ச்சலும் டெங்குவும் இவ்வகையைச் சேர்ந்தவை. டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. மூடாத தொட்டியிலும் குடத்திலும் உள்ள நல்ல நீரில் முட்டையிடுவது.

3. காளான்

படர்தாமரையை உண்டாக்கும் காளான், தோலின் மேற்புறத்தில் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உண்டு வாழ்கிறது. வியர்வையும் ஈரமும் தங்கும் மடிப்புகளில் நன்கு பரவும். ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் அரிப்பு அடங்கும், காளானோ பெருகும்.

4. ஓரணு ஒட்டுண்ணி

மலேரியாக் கிருமி சிவப்பணுக்களுக்குள் பெருகி, அவற்றை உடைத்து வெளிவருகிறது. குளிர்காய்ச்சல் விட்டுவிட்டு வருவது இதனாலேயே. இது கொசுவினுள் வளர்வதை 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டார்.

இதனால் நாம் அறிவது

பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் வந்தவுடன் கடையில் தாமே கேட்டு வாங்கி விழுங்கினால் பணம் வீணாவதோடு, உடலில் உள்ள பாக்டீரியாக்கள் அம்மருந்துக்கு அடங்காதவையாக மாறவும் இடமுண்டு. எக்கிருமி என்று மருத்துவர் சோதித்தறிந்த பின்னரே மருந்து கொள்ளுதல் முறை.

தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும் நெசவாளர், காசநோய் என்றால் தொழிலையும் குடும்பத்தையும் விட்டு நெடுநாள் பிரிய நேருமோ என்று அஞ்சி இருமலை மறைப்பதுண்டு. அவ்வச்சத்திற்கு இடமில்லை. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தே மருந்து உண்பவரும் சானடோரியத்தில் தங்கியவரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைவதை 1959-இல் வெளியிட்டது. வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தாருக்கு அதனால் அதிக ஆபத்து நேரவில்லை என்பதும் அங்கே தெரிந்தது. இம்முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது.

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். ஆனால் இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மருந்தை நிறுத்துவோர் உளர். பாதிப் பாவில் தறியை விட்டு எழுந்தால் சேலை ஆகாது. எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும்; மருந்துக்கும் அடங்காதவை ஆகக்கூடும். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் உடனே சளியைச் சோதித்துக்கொள்வது நம் கடமை. வீட்டாருக்கும் அது பாதுகாப்பு.

அங்கத்தினர் கூடிச் சிந்திக்க வேண்டிய வினாக்கள்

1. நஞ்சால் தீங்கு செய்யும் கிருமிக்கும், அணுவுக்குள் புகுந்து பெருகும் கிருமிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. சளிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் ஏன் பயன்படாது?
3. நம் தெருவில் மூடாத நீர்த்தொட்டிகள் எத்தனை? அவற்றை மூடச் சங்கம் என்ன செய்யலாம்?