கனவும் நினைவும்

நனவு, கனவு, நினைவு என்னும் மூன்று சொற்களும் ஒலியால் ஒன்றையொன்று ஒத்துள்ளன. அவை குறிக்கும் நிலைகளும் தம்முள் நெருங்கிய தொடர்புடையன என்பதை விஞ்ஞானம் காட்டி வருகின்றது. விழிப்பிலே கண்டனவும் கேட்டனவும் உறக்கத்திலே என்னாகின்றன? அவற்றுட் சில ஞாபகமாய் நிலைத்தலும் பல மறைந்தொழிதலும் எவ்வாறு நிகழ்கின்றன? பரீட்சைக்காகக் கண்விழித்துப் படிக்கும் மாணாக்கர்க்கும், அவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இவ்வினாக்கள் பெரிதும் வேண்டப்படுவன. ஆதலின் அவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

உறக்கம் என்பது மூளை தொழிலொழிந்து கிடக்கும் நிலையென்றே நெடுங்காலம் பலராலும் கருதப்பட்டது. 1953ஆம் ஆண்டிலே சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யூஜீன் அசரின்ஸ்கி, நதானியல் கிளைற்மன் என்னும் இருவர், உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள்ளே கண்கள் இடையிடையே விரைந்து அசைதலைக் கண்டு வெளியிட்டனர். அவ்வேளையில் எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் தாம் கனவு கண்டுகொண்டிருந்ததாகவே கூறினர். பிற நிலைகளிலும் கனவு உண்டெனினும், தெளிவும் விரிவும் உடைய கனவுகள் இந்நிலையிலேயே மிகுதி. ஆதலின் இதனை இக்கட்டுரையிற் கனவுறக்கம் என வழங்குவாம். பிரான்சு தேசத்து லியோன் நகரிலே ஆராய்ச்சி நடத்திய மிசேல் சூவே என்பார் இதற்கு முரண் உறக்கம் என்று பெயரிட்டார். மூளை விழித்திருப்பார் மூளைபோல் முயன்றுகொண்டிருக்க, உடலின் தசைகள் முற்றாகத் தளர்ந்து கிடத்தலே அம்முரண். வளர்ந்தோர் உறக்கத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு கனவுறக்கமாகும். அஃது ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, விடியலை அண்மிய பொழுதிலே நீண்டு நிற்கும்.

இனி, ஞாபகம் மூளையின் எப்பகுதியிலே உருவாகின்றது என்பதை அறிதல் வேண்டும். 1953ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவில் என்றி மொலேசன் என்னும் 27 வயது இளைஞர்க்கு, தீராத வலிப்பு நோயின் பொருட்டு மூளையிற் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. இருபுறத்தும் உள்ள இப்போகம்பசு என்னும் உறுப்பின் பகுதிகள் அதன்போது அகற்றப்பட்டன. கடற்குதிரையின் வடிவை ஒத்தமையால் அவ்வுறுப்பு அப்பெயர் பெற்றது. வலிப்புத் தணிந்தது, ஆயினும் அன்றுதொட்டு 2008ஆம் ஆண்டில் இறக்கும்வரை, புதிதாகக் கண்டவரையோ கேட்ட செய்தியையோ அவரால் நினைவில் வைத்திருக்க முடியவில்லை. பழைய நினைவுகளுட் பல அழியாதிருந்தன. புதிய அனுபவம் நிலைத்த ஞாபகமாக மாறுதற்கு இப்போகம்பசு இன்றியமையாதது என்பது இவரால் உலகிற்குத் தெரியவந்தது.

1971ஆம் ஆண்டில் இலண்டனிலே யோன் ஓகீஃப் என்பார், எலியின் இப்போகம்பசிலே இடமறியும் நரம்புக்கலங்கள் உளவென்று கண்டார். எலி ஓர் இடத்தை அடையும்போது ஒரு கலமும், வேறோர் இடத்தை அடையும்போது வேறொரு கலமும் மின்துடிப்பை எழுப்பும். ஆகவே, எக்கலங்கள் எவ்வரிசையில் துடிக்கின்றன என்பதை நோக்கியே எலி எவ்வழியாற் சென்றது என்று கூறிவிடலாம். இந்த அறிவைத் துணைக்கொண்டு, மசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவகத்தைச் சார்ந்த கென்வே லூயி, மத்தியூ வில்சன் என்னும் இருவர் 2001ஆம் ஆண்டில் அரியதொரு செய்தியை வெளியிட்டனர். உணவை நாடி வட்டப்பாதையில் ஓடிய எலிகள் பின்னர்க் கனவுறக்கத்தில் ஆழ்ந்தபோது, ஓடுகையில் துடித்த கலங்கள் அதே ஒழுங்கில், ஏறக்குறைய அதே வேகத்தில் மீண்டும் துடித்தன. எலியின் உடல் கிடந்த இடத்திற் கிடக்க, அதன் மூளை பகலில் ஓடிய பாதையை மீட்டும் ஓடிப் பார்த்தது எனலாம்.

இம்மீட்டல் பயனுடைய செயலா, அன்றி வெறும் எதிரொலியா? 2016ஆம் ஆண்டிலே கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் உள்ள ஆராய்ச்சியாளர் சிலர் இதனுடன் தொடர்புடைய சோதனையொன்றை வெளியிட்டனர். இப்போகம்பசிலே எழும் சீரான மின்னலைக்குத் தாளமிடும் நரம்புக்கலங்களை, ஒளி பட்டால் அடங்குமாறு சுண்டெலிகளில் மாற்றியமைத்தனர். சுண்டெலி கனவுறக்கத்தில் உள்ளபோது மாத்திரம் ஒளியைப் பாய்ச்சி அவற்றை அடக்கினர். மறுநாள் அச்சுண்டெலிகள், தாம் முன்னர் கண்ட பொருள் இடம்மாற்றி வைக்கப்பட்டதை உணரவில்லை. வேறு வேளைகளில் அக்கலங்களை அடக்கியபோது அத்தகைய குறைவு நேரவில்லை. எனவே கனவுறக்கத்தில் நிகழும் மூளைத்தொழில் ஞாபகத்தை உறுதிசெய்வதில் பங்குடையது என்பது புலப்பட்டது.

இதன் மறுபுறமும் நோக்கற்பாலது. மரபணுவின் அமைப்பைக் கண்ட இருவருள் ஒருவராகிய பிரான்சிஸ் கிரிக், கிறேம் மிச்சிசன் என்பாருடன் சேர்ந்து 1983ஆம் ஆண்டில், கனவுறக்கம் வேண்டாதவற்றை மறத்தற்கே அமைந்தது என்றொரு கொள்கையை எழுதினார். அது நெடுங்காலம் கொள்கை அளவிலேயே நின்றது. 2019ஆம் ஆண்டில் யப்பான் தேசத்து நகோயாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோரும் அவரொடு கூடியோரும் வெளியிட்ட ஆராய்ச்சி அதற்கு ஓரளவு சான்று தந்தது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஐப்போதலமசிலே, மெலனின் செறிவாக்கும் ஓமோனைச் சுரக்கும் நரம்புக்கலங்கள் உள. அவற்றுள் ஏறத்தாழ அரைப்பங்கு கனவுறக்கத்திலே துடிப்பன. சுண்டெலி புதிய பொருளையே நெடுநேரம் முகர்ந்து பார்க்கும் இயல்பினது. ஆதலால் அது முன்கண்ட பொருளை நினைவில் வைத்துள்ளதா என்பதை எளிதில் அளக்கலாம். அக்கலங்களைத் தூண்டியபோது சுண்டெலிகளின் ஞாபகம் குன்றியது. கனவுறக்கத்தில் அவற்றை அடக்கியபோது ஞாபகம் மிக்கது. விழிப்பிலோ கனவற்ற உறக்கத்திலோ அடக்கியமையால் அப்பயன் விளையவில்லை. நாம் கண்ட கனவுகளே விடிந்ததும் மறைந்துபோதற்கு இக்கலங்களே காரணமாகலாம் என்று அவ்வாராய்ச்சியாளர் கருதினர்.

ஒருபால் உறுதிசெய்தலும் ஒருபால் அழித்தலும் ஒரே உறக்கத்தில் நிகழ்தல் முரணன்று. களைபறித்தலும் நீர்பாய்ச்சுதலும் ஒரே வயலுக்குச் செய்யும் தொழில்களே அல்லவா? எனினும் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். இச்சோதனைகள் எலிகளிலும் சுண்டெலிகளிலும் நடத்தப்பட்டவை. மனச்சோர்வுக்கு வழங்கப்படும் மருந்துகள் சில கனவுறக்கத்தைப் பெரிதும் குறைத்துவிடுகின்றன. அவற்றை உட்கொள்வோர் தம் ஞாபகத்தை இழந்துவிடவில்லை என்று எடுத்துக்காட்டி மறுப்போரும் உளர். மனிதரின் ஞாபகத்துக்குக் கனவற்ற ஆழ்ந்த உறக்கமும் உதவுகின்றது என்பதற்குச் சான்றுகள் பல உண்டு. ஆகவே இரவின் ஒரு கூறு மாத்திரம் போதும் என்று கொள்ளாது, முழு இரவையும் மதித்தலே அறிவுடைமை.

மறதி வேண்டுவதொன்றா என ஐயுறுவார்க்கு ஒருவர் வரலாற்றைக் கூறுவாம். சொலமன் செரெசெவ்ஸ்கி என்னும் இரசியரை அலெக்சாந்தர் லூரியா என்னும் உளநூலறிஞர் 1920களிலிருந்து பல்லாண்டு ஆராய்ந்து, 1968ஆம் ஆண்டில் நூலொன்று எழுதினார். செரெசெவ்ஸ்கி ஒருமுறை கேட்ட நீண்ட சொல்வரிசையைப் பல ஆண்டுகள் கழித்தும் பிழையின்றி ஒப்புவிக்க வல்லவர். மறக்க வேண்டியவற்றைத் தாளில் எழுதி எரித்துப் பார்த்தும் அவரால் மறக்க இயலவில்லை. அத்தகையவர்க்குச் செய்யுளைப் படித்தல் பெருந்துன்பமாயிருந்தது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனி உருவமாய் மனக்கண்முன் எழுந்து நிற்க, அவை கூடித்தரும் பொருள் அவர்க்குக் கைகூடவில்லை.

தமிழ் கற்பிப்போர் இதனை ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். மனனஞ் செய்தல் நம் கல்வி மரபின் உயிர்நாடிகளுள் ஒன்று. அதனைக் கைவிடுமாறு கூறுகிறோமல்லோம். ஆயினும் செய்யுளைச் சொல் தவறாது ஒப்புவிக்கும் மாணாக்கன் அதன் பொருளை வினவுங்கால் வாயடைத்து நிற்றலை வகுப்பறையிலே அடிக்கடி காண்கின்றோம். வேண்டாதன உதிர்ந்து, வேண்டுவன ஒன்றோடொன்று இணைந்து பொருளாய்த் திரளுதற்குக் காலம் வேண்டும். அக்காலத்தின் ஒரு பகுதியே உறக்கம்.

பரீட்சைக்கு முதனாள் இரவு முழுவதும் தேநீர் அருந்திக் கண்விழித்துப் படிப்பவன், படித்ததைப் பேணும் தொழிலாளரை வேலைக்கு வாராது தடுத்தவனாகின்றான். வைகறையில் எழுந்து படித்தல் நன்றென முன்னோர் கூறியது, பொழுதோடு படுத்தாரை நோக்கியே. நள்ளிரவு கழியப் படுத்து, மூன்று மணிக்கு எழுபவன், கனவுறக்கம் நீண்டு வரும் அப்பொழுதையே இழந்துவிடுகின்றான். அன்றாடப் பாடத்தை அன்றன்றே படித்து, பொருளுணர்ந்து, வேளைக்கு உறங்கும் மாணாக்கனுக்கு இரவும் ஓர் ஆசிரியனாகும். எம் பழைய மாணவர்கள் தத்தம் பிள்ளைகளின் விளக்கை இரவில் உரிய நேரத்தில் அணைப்பாராயின், அதுவும் அப்பிள்ளைகளின் கல்விக்குச் செய்யும் உதவியேயாம்.