மீன் குடலில் குடியிருப்போர்

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்குக் கரையில், பொந்தியான் மாவட்டத்தில் குக்குப் என்னும் மீனவர் கிராமம் உள்ளது. நீரின்மேல் மரக்கால்களில் நிற்கும் வீடுகளுக்கு அது பெயர் பெற்றது. எதிரே, சதுப்புநிலக் காடு அடர்ந்த குக்குப் தீவு அலைகளைத் தடுத்து நிற்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட அமைதியான நீரில் மிதவைக் கூண்டுகளை அமைத்து மீன் வளர்க்கிறார்கள். சந்தையில் நாம் 'சியாக்காப்' என்று கேட்டு வாங்கும் கொடுவா மீன் அவற்றுள் ஒன்று.

கொடுவா ஊன் உண்ணி. அதற்குப் புரதம் நிறைந்த தீவனம் வேண்டும். மீன் வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்திற்கே போய்விடுவதுண்டு. அத்தீவனத்தில் விலை கூடிய பொருள் மீன்தூள். கடலில் சிறு மீன்களைப் பிடித்து, அரைத்து, கூண்டிலுள்ள மீனுக்கு ஊட்டி, அதை நாம் உண்பது விந்தையான கணக்குதான்! அதனால் மீன்தூளுக்குப் பதிலாகச் சோயாத்தூள், செம்பனை விதைப் பிண்ணாக்கு போன்ற தாவரப் பொருள்களைச் சேர்க்க ஆய்வாளர்கள் முயல்கின்றனர். செம்பனைத் தோட்டங்கள் நிறைந்த ஜொகூரில் பிண்ணாக்குக்குப் பஞ்சமில்லை. அதை மீன் செரிக்குமா என்பதே கேள்வி.

உணவிலுள்ள பெரிய மூலக்கூறுகளை உடல் அப்படியே உறிஞ்ச முடியாது. அவற்றைத் துண்டாக்கும் புரதப்பொருளே நொதி. ஒவ்வொரு நொதிக்கும் ஒரு வேலை உண்டு. புரோட்டியேஸ் புரதத்தையும், அமைலேஸ் மாப்பொருளையும், லிப்பேஸ் கொழுப்பையும் சிதைக்கின்றன. இம்மூன்றையும் மீனின் உடலே சுரக்கிறது. ஊன் உண்ணும் மீன்களில் அமைலேஸ் குறைவு. தாவரச் செல்சுவரில் உள்ள செல்லுலோஸைச் சிதைக்கும் செல்லுலேஸையோ பெரும்பாலான மீன்களால் தாமாகச் சுரக்க இயலாது.

இங்கேதான் குடலில் வாழும் பாக்டீரியா உதவிக்கு வரக்கூடும். முட்டையிலிருந்து வெளிவந்த மீன்குஞ்சின் குடலுக்குள், நீரோடும் முதல் இரையோடும் நுண்ணுயிர்கள் புகுகின்றன. சில வந்த வழியே போய்விடுகின்றன. சில குடற்சுவரில் ஒட்டிக் குடியேறிவிடுகின்றன. அவை என்னென்ன நொதிகளை உண்டாக்குகின்றன என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முதலில் மீனைப் பட்டினி போட்டு, இரையோடு வந்தவற்றை வெளியேற்றுவர். பின் குடலிலிருந்து பாக்டீரியாவை எடுத்து, மாப்பொருள் கலந்த தட்டில் வளர்ப்பர். அயோடின் கரைசலை ஊற்றியதும் தட்டு கருநீலமாகும். ஆனால், அமைலேஸ் சுரக்கும் பாக்டீரியாக் கூட்டத்தைச் சுற்றி மட்டும் நிறமற்ற ஒரு வளையம் தெரியும். அங்கிருந்த மாப்பொருள் சிதைந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இந்தியாவின் சாந்திநிகேதனில் உள்ள விசுவபாரதி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அருண் குமார் ராய், கௌசிக் கோஷ், நோர்வே அறிஞர் ரிங்கோ ஆகியோருடன் இணைந்து 2012-இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார். அமைலேஸ், செல்லுலேஸ், லிப்பேஸ், புரோட்டியேஸ், ஃபைட்டேஸ் முதலிய நொதிகளைச் சுரக்கும் பாக்டீரியா பலவகை மீன்களின் குடலில் காணப்பட்டுள்ளன.

எனினும், தட்டில் நடப்பதெல்லாம் குடலிலும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. நொதி வேலை செய்ய நேரம் வேண்டும். தென் அமெரிக்காவில் மரத்தைச் சுரண்டித் தின்னும் கெளுத்தி இன மீன்கள் உள்ளன. அவை மரத்தையே செரித்து வாழ்கின்றன என்று முன்பு கருதினர். ஆராய்ந்தபோது, மரத்துகள் சில மணி நேரத்திலேயே குடலைக் கடந்து வெளியேறிவிடுவது தெரிந்தது. புல் கெண்டையின் குடல், தாவரம் உண்ணும் மீனுக்குக் குட்டையானதே. அது தின்ற புல்லில் கணிசமான பகுதி செரிக்காமலே வெளியேறுகிறது. அது வீணாவதில்லை. குளத்திலுள்ள பாசிக்கும் நுண்ணுயிர்க்கும் உரமாகி, மற்றக் கெண்டை மீன்களுக்கு இரையாகிறது. சீன நாட்டுக் குளங்களில் பலவகைக் கெண்டைகளைச் சேர்த்து வளர்ப்பதன் சூட்சுமம் இதுவே.

குடலுக்குள் நேரம் போதாதென்றால், தீவனத்தை முன்பே பதப்படுத்தலாமே! பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிவப்புத் திலாப்பியாவைக் கொண்டு இதைச் சோதித்து, 2002-இல் முடிவை வெளியிட்டனர். செம்பனை விதைப் பிண்ணாக்கில் மன்னான் என்னும் நார்ப்பொருள் மிகுதி. நொதியால் முன்கூட்டியே பதப்படுத்திய பிண்ணாக்கைத் தீவனத்தில் 30 விழுக்காடு வரை சேர்த்தும் மீனின் வளர்ச்சி பெரிதாகக் குன்றவில்லை. அதே பிண்ணாக்கை ஒரு பூஞ்சையைக் கொண்டு நொதிக்க வைத்தபோதோ வளர்ச்சி குறைந்தது. நுண்ணுயிர் எதுவானாலும் நன்மை செய்யும் என்று எண்ணுவோர் இம்முடிவைக் கவனிக்க வேண்டும்.

ஃபைட்டேஸ் நொதிக்குத் தனிச் சிறப்பு உண்டு. விதைகளில் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற சேர்மத்தில் சிக்கிக் கிடக்கிறது. அதை விடுவிக்க முடியாத மீன், பாஸ்பரஸைக் கழிவாக நீரில் விடுகிறது. கழிவு சேரச் சேர நீரில் பாசி பெருகும். அது அழுகும்போது உயிர்வளி குறையும். நெருக்கமாகக் கூண்டுகள் மிதக்கும் இடங்களில் இதனால் மீன்கள் மூச்சுத் திணறி மடியக்கூடும்.

நொதி சுரக்கும் பாக்டீரியாவையே தீவனத்தில் கலந்து கொடுக்கும் வழக்கமும் இன்று உள்ளது. அதற்குப் பெரும்பாலும் பேசில்லஸ் இனத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இது வித்துகளாக உறங்கும் இயல்புடையது. தீவனத்தைக் குறுணையாக்கும்போது எழும் வெப்பத்தையும் உலர்வையும் அவ்வித்துகள் தாங்கும். ஆனால், மீனின் குடலை அடைந்தபின் அவை விழித்தெழ வேண்டும். அங்கு ஏற்கெனவே குடியிருப்போருடன் போட்டியிட்டு இடம் பிடிக்கவும் வேண்டும்.