குழந்தைகளிடம் கற்ற மாணவி

இலண்டன் மாநகரின் தென்பகுதியில் மாட்சுலி என்னும் மனநல மருத்துவமனை உள்ளது. அதனை ஒட்டி உளமருத்துவக் கல்விக்கெனத் தனி நிறுவனம் ஒன்றும் அமைந்துள்ளது. 1960-ஆம் ஆண்டையடுத்த காலத்தில் அங்குப் பயிற்சி பெற வந்த மாணவருள் ஒருவர் ஊட்டா என்னும் இளநங்கை. திருமணத்திற்குப்பின் ஊட்டா பிரித் என உலகம் அறிந்த அறிஞர் இவரே.

ஊட்டா 1941-இல் செருமனி நாட்டின் ராக்கன்ஹவுசன் என்னும் ஊரில் பிறந்தார். சார்புரூக்கன் நகரப் பல்கலைக்கழகத்தில் அவர் முதலில் பயிலப் புகுந்தது கலை வரலாறு. ஆனால், மனத்தின் இயல்பையும் சோதனைகளால் ஆராய்ந்தறியலாம் என்னும் உளநூற் கருத்து அவரை ஈர்த்தது. கலையை விடுத்து உளநூலைப் பற்றினார்; பின்னர் மேற்பயிற்சி வேண்டிக் கடல் கடந்தார்.

உளநூல் கற்றவர், பயிற்சிக்காலத்தில் முதலிற் பழகவேண்டுவது குழந்தையின் எதிரே அமர்ந்து அதன் ஆற்றலை அளந்தறியும் பணியாகும். மரக்கட்டைகளைக் கொடுத்து உருவம் அமைக்கச் சொல்லுதல், படங்களைக் காட்டிப் பெயர் கேட்டல், சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்தல் போல்வன அப்பணியின் பகுதிகள். இவ்வாறு பழகுங்கால் ஊட்டா சில குழந்தைகளைக் கண்டார். அவர்கள் தோற்றத்தில் எக்குறையும் இல்லாதவர்கள். துண்டு துண்டாகக் கிடந்த படப்புதிரை விரைந்து பொருத்தினார்கள். ஆயினும், பேர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாரார். எதிரே இருப்பவர் முகத்தை நோக்கார். எளிய சொல்லும் அவர்க்கு விளங்காது. இத்துணைத் திறமையும் இத்துணை இடர்ப்பாடும் ஒரே மனத்தில் எங்ஙனம் கூடி வாழ்கின்றன? இவ்வியப்பே அவரது வாழ்நாட் பணியாயிற்று.

இத்தகைய குழந்தைகளை முதன்முதலில் விரிவாக விளக்கியவருள் ஒருவர் அமெரிக்க நாட்டு மருத்துவர் லியோ கன்னர். 1943-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் பதினொரு குழந்தைகளின் வரலாறு காணப்படும். அந்நிலைக்கு அவர் ஆண்ட பெயர், ‘தான்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று வந்த ‘ஆட்டிசம்’ என்பது. தமிழில் ‘மதியிறுக்கம்’ என்று வழங்குவாரும் உளர். எனினும், இறுகிப்போனது மதியன்று. ஆதலின் ஈண்டு ஆட்டிசம் என்றே கொள்வோம்.

கன்னர் குறித்த செய்திகளுள் ஒன்று இலக்கணம் கற்போர்க்குச் சுவையானது. அக்குழந்தைகளுள் சிலர் தன்மையையும் முன்னிலையையும் மாற்றி வழங்கினர். “உனக்குப் பால் வேண்டுமா?” என்று தாய் கேட்டதையே திரும்பச் சொல்லித் தனக்குப் பால் வேண்டும் என்பதைக் குழந்தை உணர்த்தும். பேசுவோர் மாறுந்தோறும் ‘நான்’ ‘நீ’ என்னும் சொற்களின் பொருளும் இடம் மாறுகின்றது. நாம் எண்ணாமலே செய்யும் இம்மாற்றம் எத்துணை நுட்பமானது என்பதை இக்குழந்தைகள் நமக்கு அறிவுறுத்துகின்றனர்!

ஊட்டா பயிற்சி பெற்ற காலத்தில் இந்நிலைக்கு மேனாட்டறிஞர் பலர் கூறிய காரணம் கொடியது. தாயின் அன்பின்மையே குழந்தையை உள்ளொடுங்கச் செய்தது என்றனர். பனிக்கட்டிபோற் குளிர்ந்த மனமுடைய தாய் எனப் பெயரிட்டும் பழித்தனர். புரூனோ பெத்தல்கைம் என்பார் 1967-இல் வெளியிட்ட நூல் இக்கருத்தை எங்கும் பரப்பிற்று. குழந்தை தன்னை நோக்காமையால் முன்னரே துயருற்ற தாய், அத்துயருக்குத் தானே காரணம் என்னும் சொல்லையும் தாங்க நேர்ந்தது. சான்று யாதும் இன்றி எழுந்த பழி அது. பெர்னார்டு ரிம்லண்டு என்னும் அமெரிக்க உளநூலார் 1964-இலேயே அதனை மறுத்து நூல் எழுதினார். அவரும் இத்தகைய மைந்தன் ஒருவனின் தந்தையே. இங்கிலாந்தில் 1962-இல் பெற்றோர்களே கூடி ஒரு கழகம் நிறுவினர். அவருள் ஒருவரான லோர்னா விங், ஆட்டிசமுடைய மகளைப் பெற்ற தாய், உளமருத்துவரும் ஆவார்.

இலண்டனில் ஊட்டாவுக்கு வழிகாட்டியோர் பெயாட்டே ஹெர்மலின், நீல் ஓகானர் என்னும் ஆய்வாளர் இருவர். அவர்கள் தாயரைக் குறைகூறவில்லை, குழந்தைகளையே வினவினர். அவ்வினாவும் சோதனை வடிவிலானது. பொருளுடைய தொடர் ஒன்றையும், தொடர்பற்ற சொற்கள் சிலவற்றையும் குழந்தை முன் சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்தனர். ஏனைக் குழந்தைகள் தொடரை எளிதில் நினைவிற்கொண்டனர். தொடர்பற்ற சொற்களை மறந்தனர். ஆட்டிசக் குழந்தைகளுக்கோ, தொடரின் பொருள் அத்துணை உதவி செய்யவில்லை. ஒப்பிடுங்கால், மனவளர்ச்சியில் ஒத்த நிலையிலுள்ள பிற குழந்தைகளையே உடன் வைத்து நோக்கினர். ஆதலின், கண்ட வேறுபாடு பொதுவான அறிவுக்குறைவால் வந்ததன்று என்பது தெளிவாயிற்று.

இந்நெறியையே ஊட்டாவும் பின்பற்றினார். சொற்களையும் நிறங்களையும் ஓர் ஒழுங்குபட வரிசையாக்கி, அவ்வொழுங்கைக் குழந்தைகள் எங்ஙனம் பற்றுகின்றனர் என ஆராய்ந்தார். 1968-இல் அவ்வாய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். பயிற்சிக்கு வந்த நாட்டிலேயே தங்கிப் பணியைத் தொடர்ந்தார்.

தாயர்மேற் சுமத்திய பழியும் நாளடைவில் நீங்கிற்று. அதே நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ரட்டர், சூசன் போல்சுட்டீன் என்னும் மருத்துவர் இருவர் இரட்டையர் 21 இணைகளை ஆராய்ந்து 1977-இல் முடிவை வெளியிட்டனர். ஒரே கருவினின்று பிரிந்த இரட்டையர் 11 இணைகளுள் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வேறுவேறு கருவில் தோன்றிய இரட்டையர் 10 இணைகளுள் ஒன்றிலேனும் அவ்வாறு இல்லை. பிறப்புவழிக் காரணங்கட்குப் பெரும் பங்கு உண்டு என்பது இதனாற் புலனாயிற்று.

1985-இல் ஊட்டா, தம் மாணவர் சைமன் பாரன்-கோகனோடும் ஆலன் லெசுலியோடும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு பெரும்புகழ் பெற்றது. அதற்கு வேண்டிய கருவிகளோ இரண்டு பொம்மைகள், ஒரு கூடை, ஒரு பெட்டி, ஒரு கோலிக்குண்டு, அவ்வளவே! சாலி என்னும் பொம்மை கோலிக்குண்டைத் தன் கூடையில் இட்டு வெளியே செல்லும். ஆன் என்னும் பொம்மை அதனை எடுத்துத் தன் பெட்டியில் ஒளிக்கும். சாலி திரும்பி வருங்கால், குண்டை எங்கே தேடுவாள்? நடந்ததைத் தான் கண்டிருந்தும், காணாத சாலியின் நிலையில் நின்று நோக்குவார்க்கே கூடை என்னும் விடை தோன்றும்.

இயல்பான வளர்ச்சியுடைய சிறு குழந்தைகள் 27 பேருள் 23 பேர் சரியான விடை தந்தனர். டவுன் நிலை என்னும் பிறவிக்குறை உடைய சிறார் 14 பேருள் 12 பேர் அவ்வாறே கூறினர். அவர்களினும் மொழியறிவு மிக்க ஆட்டிசச் சிறார் 20 பேருள் நால்வரே கூடையைக் காட்டினர். குண்டு இப்போது எங்குள்ளது, முன்பு எங்கு இருந்தது என்னும் வினாக்களுக்கு அவர்கள் பிழையின்றி விடையளித்தனர். ஆகவே, மறதியால் வந்த பிழையன்று அது. பிறர் மனத்தில் உள்ளது தம் மனத்தில் உள்ளதினின்று வேறாகலாம் என்பதை உய்த்துணர்தல் அவர்க்கு அரிதாக இருந்தது. அன்பில்லாத குழந்தை எனப் பலர் கருதியதற்கு மாறான விளக்கம் இது.

எனினும், இவ்வாய்வு முடிந்த முடிபாகி நின்றுவிடவில்லை. டேமியன் மில்டன் என்னும் சமூகவியலார், ஆட்டிசம் உடையவர், 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உடையார் பிறர் மனத்தை அறிய இடர்ப்படுவது போலவே, பிறரும் அவர் மனத்தை அறிய இடர்ப்படுகின்றனர். அறியாமை இருபாலும் உள்ளது என்பது அவர் கூற்று. நேர்மையான கேள்வியே அது.

அன்று கூடையைக் காட்டிய நால்வரையும் ஆய்வாளர் மறந்திலர். இன்னோர் எங்ஙனம் விடை கண்டனர்? ஏனையோர் காட்சியளவில் உணர்வதை இவர் எண்ணி எண்ணிக் கணக்கிட்டு அடைகின்றனரோ? ஊட்டாவின் மாணவி பிரான்செசுகா ஹாப்பே, பொய், விளையாட்டுப் பேச்சு, நயத்துக்காகச் சொல்லும் முகமன் முதலியவை வரும் சிறுகதைகளை இயற்றி, அவற்றில் வருவோர் ஏன் அங்ஙனம் பேசினர் என்று இத்தகையோரை வினவினார். அவ்வாய்வு 1994-இல் வெளிவந்தது.