குழந்தைநலப் பணிக்கு வரும் இளம் மருத்துவருக்கு: குடல் நுண்ணுயிரும் முதல் மூன்று ஆண்டுகளும்

பிறக்கும் குழந்தையின் குடலில் நுண்ணுயிர் ஏறக்குறைய இல்லை. நஞ்சுக்கொடியிலேயே பாக்டீரியாக் கூட்டம் இருக்கிறது என்ற கருத்து 2014இல் பரவியது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 537 நஞ்சுக்கொடிகளைச் சோதித்து 2019இல் வெளியிட்ட முடிவு அதை ஏற்கவில்லை. அங்கே கண்டவற்றில் பெரும்பகுதி பிரசவத்தின்போதோ ஆய்வுக்கூட வேதிப்பொருள்களிலிருந்தோ ஒட்டிக்கொண்டவை. ஆக, குடியேற்றம் பிறப்போடு தொடங்குகிறது. அமெரிக்கா, மலாவி, வெனிசுவேலாவின் அமேசான் பகுதி ஆகியவற்றில் 531 பேரை ஆராய்ந்து ஜெஃப்ரி கார்டனின் குழு 2012இல் காட்டியபடி, மூன்று வயதுக்குள் அது பெரியவர்களின் குடல் அமைப்பை நெருங்கிவிடுகிறது. குடல் நுண்ணுயிர் வளர்சிதை மாற்றத்தோடும் தொடர்புடையது என்றாலும், நாற்பது வயதில் சர்க்கரை நோயோடு வருபவரைப் பார்ப்பது வேறொரு மருத்துவராக இருக்கும். குழந்தை மருத்துவரின் கைக்குள் இருப்பது இந்த மூன்று ஆண்டுகளே.

முதல் விதை எங்கிருந்து வருகிறது என்பது பிரசவ முறையைப் பொறுத்தது. மரியா டொமிங்குவெஸ்-பெல்லோ குழு 2010இல் வெனிசுவேலாவில் செய்த ஆய்வில், சுகப்பிரசவக் குழந்தைகளிடம் தாயின் பிறப்புவழி நுண்ணுயிர்களும், சிசேரியன் குழந்தைகளிடம் தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவையும் மிகுந்திருந்தன. பிரிட்டனில் 596 குழந்தைகளைப் பின்தொடர்ந்த 2019 ஆய்வு இந்தப் படத்தைத் திருத்தியது. குழந்தையின் குடலில் வேரூன்றுபவை பெரும்பாலும் தாயின் குடலிலிருந்து வருபவை. பிறப்புவழி லாக்டோபேசில்லஸ் அங்கே நிலைப்பதில்லை. சிசேரியன் குழந்தைகளிடம் பாக்டீராய்ட்ஸ் குறைந்திருந்தது. மருத்துவமனைச் சூழலில் காணப்படும் என்டரோகாக்கஸ், கிளெப்சியெல்லா ஆகியவை கூடியிருந்தன. முதலாண்டு முடிவதற்குள் இந்த வேறுபாடு பெரிதும் சுருங்கியது. பாக்டீராய்ட்ஸ் குறைவு மட்டும் நீடித்தது. பிறப்புவழித் திரவத்தைப் பஞ்சால் எடுத்துச் சிசுவின் வாயில் தடவும் முறைக்கு இந்த முடிவு ஆதரவாக இல்லை. தொற்றுக்கும் அது வழி திறக்கக்கூடும். ஆய்வுக்கு வெளியே அதைச் செய்யச் சொல்லி வரும் பெற்றோரிடம் மறுப்பதே சரி.

தமிழ்நாட்டில் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். வரும் தாய்மார்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்தத் தழும்போடுதான் வருவார்கள் என்பதால், பேச்சில் நிதானம் வேண்டும். சிசேரியனுக்கும் பிற்கால உடற்பருமனுக்கும் தொடர்பு காட்டிய ஆய்வுகள் பல உண்டு. ஆனால் ஸ்வீடனில் ஏறத்தாழ 97,000 இளைஞர்களின் பதிவுகளைப் பார்த்தபோது, தாயின் கருத்தரிப்புக்கு முந்தைய எடையைக் கணக்கில் சேர்த்தவுடன் அந்தத் தொடர்பு மறைந்துபோனது. குழந்தை பருமனாக வளரப்போகிறது என்று ஒரு தாயிடம் சொல்லிக் குற்ற உணர்வை ஏற்றுவதற்கு அறிவியல் இடம் தரவில்லை.

தாய்ப்பாலைப் பொறுத்தவரை சான்று இதைவிடத் தெளிவு. தாய்ப்பால் குடிக்கும் சிசுக்களின் மலத்தில் பிஃபிடோபாக்டீரியா ஆட்சி செய்வதைப் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி டிஸ்ஸியே 1900 வாக்கிலேயே கண்டார். காரணம் பிறகுதான் விளங்கியது. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் 5 முதல் 15 கிராம் வரை ஒலிகோசாக்கரைடுகள் உள்ளன. சீம்பாலில் இன்னும் அதிகம். திடப்பொருள்களில் லாக்டோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்த இடம் இவற்றுக்கு. 150க்கும் மேற்பட்ட வகைகள் இருந்தும் எதையும் குழந்தையால் செரிக்க முடியாது. தாயின் உடல் பாடுபட்டுச் செய்யும் இந்தச் சர்க்கரைகள் குழந்தையின் குடலில் வாழும் பாக்டீரியாவுக்கான உணவு என்பது உயிரியலின் பேரதிசயங்களில் ஒன்று. பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் அவற்றை உண்டு அசிட்டேட்டையும் லாக்டேட்டையும் வெளிவிடுகிறது; குடல் அமிலமாகிறது; நோய்க்கிருமிகளுக்கு இடம் குறைகிறது. பிற்பாடு நார்ச்சத்து உண்ணும் வயதில் பியூட்டிரேட், புரோப்பியோனேட் ஆகியவையும் சேர்கின்றன. இவை குடற்சுவரை இறுக்கமாக வைப்பதோடு, பசியையும் இன்சுலினையும் ஒழுங்குபடுத்தும் ஜிஎல்பி-1 சுரப்பையும் தூண்டுகின்றன. வளர்சிதை மாற்றத்துக்கும் குடலுக்கும் உள்ள முக்கியப் பாலங்களில் ஒன்று இது.

பிறந்தவுடன் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் ‘சேனை’ வழக்கம் தென்மாவட்டங்களில் இன்னும் இருக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்னும் நச்சுநோய் வரலாம். பாட்டியைக் கடிந்துகொள்ளாமல், முதல் துளி சீம்பாலாக இருக்கட்டும் என்று பிரசவத்துக்கு முன்பே அவரிடம் கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் பலிக்கும்.

மருத்துவர் எழுதும் சீட்டோடு நேரடியாகத் தொடர்புடையது ஆன்டிபயாடிக். 1940களின் இறுதியிலிருந்து கோழிக்கும் பன்றிக்கும் சிறிதளவு ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் கொடுத்துப் பண்ணையாளர்கள் எடையைக் கூட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் அதற்கு முழுத் தடை விதித்தது. விலங்கை எவ்வளவு இளமையில் தொடங்குகிறார்களோ அவ்வளவு பலன் என்பது பண்ணை அனுபவம். மார்ட்டின் பிளேசர் அதே கேள்வியை எலிகளிடம் எழுப்பினார். 2014இல் வெளியான ஆய்வில், பிறப்பை ஒட்டிக் குறைந்த அளவு பென்சிலின் பெற்ற எலிகள் வளர்ந்தபின் கொழுப்பு மிகுந்தவையாயின. கொழுப்புத் தீவனம் அதை மேலும் கூட்டியது. மருந்தை நான்கு வாரங்களில் நிறுத்தியபோது நுண்ணுயிர்க் கூட்டம் தேறிவிட்டது, ஆனால் வளர்சிதைக் கோளாறு தேறவில்லை. மருந்து பெற்ற எலிகளின் நுண்ணுயிரை, நுண்ணுயிரே இல்லாத எலிகளுக்கு மாற்றியபோது அவையும் கொழுத்தன. காரணம் மருந்தின் நேரடி நச்சுத்தன்மை அன்று, மாறிய நுண்ணுயிர்க் கூட்டமே என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

எலி குழந்தை ஆகாது. ஆன்டிபயாடிக்குக்கும் உடற்பருமனுக்கும் இடையே மனிதர்களிடம் கண்ட தொடர்பு சிறியது. மருந்துக்குக் காரணமான தொற்றே அதில் ஒரு பங்கு வகித்திருக்கலாம். ஆயினும் வைரஸ் சளிக்கும், சாதாரண வயிற்றுப்போக்குக்கும் ஆன்டிபயாடிக்கால் எந்த நன்மையும் இல்லை என்பதில் ஐயமில்லை. வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசலும் துத்தநாகமும் போதும். குருதித்தொற்று, பாக்டீரியா நிமோனியா என்றால் ஒரு மணி நேரமும் தயங்கக் கூடாது. அங்கே குடல் நுண்ணுயிரைப் பற்றிய கவலை குழந்தையின் உயிரைக் கேட்கும்.

ஆறு மாதத்துக்குப் பின் இணை உணவு அடுத்த திருப்பம். ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளின் நுண்ணுயிர் வயதுக்கேற்ப முதிராமல் நிற்பதை வங்கதேசத்தில் கார்டனும் தஹ்மீத் அகமதும் கண்டார்கள். கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் சேர்த்து அவர்கள் உருவாக்கிய உணவு டாக்காவின் மிர்பூரில் 12 முதல் 18 மாதக் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. வழக்கமான ஊட்ட உணவைவிடக் கலோரி குறைவாக இருந்தும் எடை வளர்ச்சி மேம்பட்டது என்று 2021இல் அறிவித்தனர். நான்கும் தமிழ்நாட்டுச் சந்தையிலும் எளிதாகக் கிடைப்பவையே.

எல்லாவற்றையும் பாக்டீரியாவின் தலையில் ஏற்றிவிடவும் கூடாது. புனேயில் யாஜ்னிக் குழு காட்டிய மெலிந்த, ஆனால் கொழுப்பு மிகுந்த சிசு, சராசரி 2.7 கிலோ எடையோடு பிறக்கும்போதே சர்க்கரை நோயின் சாயலைக் கொண்டிருக்கிறது. அது கருப்பையில் நேர்ந்தது. புரோபயாட்டிக் பாக்கெட்டுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒடிசாவில் 4,556 சிசுக்களிடம் நடந்த சோதனையில், குறிப்பிட்ட ஒரு லாக்டோபேசில்லஸ் வகையும் அதற்கான சர்க்கரையும் குருதித்தொற்றையும் இறப்பையும் சேர்த்து 40 விழுக்காடு குறைத்தன. அந்த முடிவு அந்த வகைக்கு, அந்த நோக்கத்துக்கு மட்டுமே உரியது. கடையில் விற்கும் பிற பொடிகளுக்குச் செல்லாது.

பிரசவ முறை, பிறந்த எடை, தாய்ப்பால் தொடங்கிய நேரம், கொடுத்த ஆன்டிபயாடிக்கின் பெயர், நாள் ஆகியவற்றைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதிவிட ஒரு நிமிடம் போதும். அந்தக் குழந்தையை அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கு இக்குறிப்புகள் தேவைப்படும். பணியின் முதல் நாளிலிருந்தே இளம் மருத்துவர்கள் அவற்றை எழுதத் தொடங்க வேண்டும்.