லேப்டாப் எழவில்லை என்றதும் ஃபார்மேட்டா?

செமஸ்டர் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தால் போதும், எழாத லேப்டாப்போடு மாணவர்கள் எங்கள் கணினி ஆய்வக வாசலில் வந்து நிற்பார்கள். கதை பெரும்பாலும் ஒன்றுதான். விண்டோஸ் இருக்கும் சி டிரைவைச் சுருக்கி, மிச்ச இடத்தில் உபுண்டுவோ காளி லினக்ஸோ போட்டிருப்பார்கள். அல்லது போட்ட லினக்ஸ் பிடிக்காமல் அந்தப் பார்ட்டிஷனை அழித்து, இடத்தைத் திரும்பச் சேர்த்திருப்பார்கள். அடுத்த முறை ஆன் செய்தால் கறுப்புத் திரை. விடுதி அறை நண்பன் விண்டோஸ் பென்டிரைவை நீட்டுவான். வீட்டிலிருந்து அப்பா, "கடையில குடுத்து ஃபார்மேட் போட்டுடுடா, படிப்பு கெட்டுப்போகுது" என்பார். இந்த இரண்டு குரலுக்கும் நடுவில், திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கிற பிள்ளைகள் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பார்ட்டிஷன் என்பது வட்டில் எந்தச் செக்டரில் தொடங்கி எந்தச் செக்டரில் முடிகிறது என்று ஓர் அட்டவணையில் எழுதிவைத்த எல்லை. பழைய எம்பிஆர் முறையில் அந்த அட்டவணை முதல் செக்டருக்குள் வெறும் 64 பைட். ஜிபிடி முறையில் வட்டின் தொடக்கத்தில் ஒன்றும், கடைசியில் அதன் நகல் ஒன்றும் இருக்கும். அளவை மாற்றும்போது இந்த எல்லைகள் மாறுகின்றன; சில சமயம் பார்ட்டிஷன் எண்களும் மாறுகின்றன. கணினியை எழுப்பும் நிரல் பழைய எண்ணைத் தேடிப்போய் ஒன்றும் கிடைக்காமல் நின்றுவிடுகிறது. பெரும்பாலும் கோப்புகள் அங்கேயேதான் இருக்கின்றன. வயலில் அளவுக்கல் இடம் மாறிவிட்டது என்று பயிரைக் கொளுத்துகிறவர் உண்டா?

எனவே எந்த வழி என்பதை, கணினி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதுதான் முடிவு செய்ய வேண்டும். லினக்ஸை அழித்த பிறகு வெறும் குரப் (லினக்ஸின் எழுப்பும் நிரல்) கட்டளை வரி மட்டும் வருகிறது, லேப்டாப்பும் யூஇஎஃப்ஐ வகை என்றால், பல நேரம் மென்பொருளே தேவையில்லை. ஆன் செய்ததும் எஃப்2 அல்லது எஃப்12 அழுத்தி (தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்), பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வைத்தால் போதும். பழைய பயாஸ் கணினி என்றால் விண்டோஸ் பென்டிரைவில் எழுப்பி, பூட்ரெக் கட்டளையால் முதல் செக்டரில் உள்ள எம்பிஆர் நிரலைத் திரும்ப எழுத வேண்டும். லினக்ஸ் இருந்தும் குரப் ரெஸ்க்யூ வந்தால், எல்எஸ் கட்டளையில் பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, பூட் கோப்புறை எதில் இருக்கிறதோ அதை ரூட்டாகவும் பிரிஃபிக்ஸாகவும் கொடுத்து, நார்மல் மாட்யூலை ஏற்றினால் எழுந்துவிடும். எழுந்த பின் குரப்பை மறுபடி நிறுவ மறக்கக் கூடாது. இல்லையென்றால் அடுத்த முறையும் இதே திரைதான். ஒரு சொடுக்கில் எல்லாம் சரியாக்கும் கருவிகள் உண்டு. நான் அவற்றைத் தருவதில்லை. கையால் தட்டச்சு செய்தவனுக்கு அடுத்த முறை பயம் இருப்பதில்லை.

லினக்ஸ் எழுகிறது, ஆனால் ஒன்றரை நிமிடம் காத்திருக்க வைக்கிறது என்றால், ஸ்வாப் பார்ட்டிஷன் புதிதாக உருவாகி அதன் அடையாள எண் மாறியிருக்கும். எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரியைத் திருத்தும் வேலை அது. விண்டோஸ் நீலத் திரையில் பிசிடி கோப்பு பற்றிப் பிழை காட்டினால், பிசிடிபூட் கட்டளை அதைப் புதிதாக எழுதிக்கொடுக்கும். 48 இலக்கச் சாவி கேட்டால் அது பிட்லாக்கர். வட்டில் எதுவும் கெட்டிருக்காது; சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். லேப்டாப் வாங்கிய கடையிலேயே யாராவது அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருந்தால், இன்றைக்கே அதன் கடவுச்சொல்லைத் தேடி வையுங்கள்.

இனி ஃபார்மேட். எல்லோரும் முதலில் கை வைக்கும் இந்த வழியை நான் கடைசியில்தான் வைப்பேன். வேகமானது என்கிறார்கள். விண்டோஸ் போடுவதற்கு ஆகும் நேரத்தை மட்டும் எண்ணிச் சொல்வது அது. பிராஜெக்ட், நிரல்கள், அக்காவின் கல்யாணப் படங்கள், மறந்துபோன கடவுச்சொற்கள் எதுவும் அந்தக் கணக்கில் வருவதில்லை. நிறுவும் திரையில் பார்ட்டிஷன் பட்டியலைப் பார்த்துக் குழம்பி, டி டிரைவையும் சேர்த்து அழித்துவிட்டு வந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஃபோட்டோரெக் போன்ற மென்பொருளால் பெயரில்லாத கோப்புகளாகவாவது கொஞ்சம் தோண்டி எடுக்கலாம். இப்போதைய லேப்டாப்களில் இருப்பது எஸ்எஸ்டி. விண்டோஸ் அதை ஃபார்மேட் செய்யும்போது டிரிம் என்ற கட்டளையும் கூடவே போகிறது. அந்த இடம் முழுவதும் இனி வேண்டாதது என்று எஸ்எஸ்டி எடுத்துக்கொள்கிறது. குயிக் ஃபார்மேட்தானே, பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்ற பழைய நம்பிக்கை அங்கே செல்லாது. இன்னொன்று, வட்டே பழுதாகிக்கொண்டிருப்பதால் வந்த கோளாறாக இருந்தால் ஃபார்மேட் அதைச் சரிசெய்வதில்லை. ஒரு மாதம் மறைத்து வைக்கும், அவ்வளவுதான்.

அட்டவணையே தொலைந்து, பார்ட்டிஷனே காணவில்லை என்றாலும் அவசரம் வேண்டாம். உபுண்டு லைவ் பென்டிரைவில் எழுப்பி, கண்ணுக்குத் தெரியும் கோப்புகளை முதலில் வெளி வட்டுக்கு நகலெடுங்கள். பிறகு கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க். பழைய எல்லைகளைத் தேடிக் காட்டும். பி அழுத்தினால் உள்ளே இருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும். நீங்களாக ரைட் கொடுக்கும் வரை அட்டவணையில் எதையும் எழுதாது. இலவசம். இதற்கு இணையான ஒன்றைக் காசு கொடுத்தும் நான் கண்டதில்லை.

ஒரு நிலையில் மட்டும் தொடவே வேண்டாம். பார்ட்டிஷனை இடப்பக்கம் நகர்த்தும்போது உள்ளிருப்பது முழுவதையும் நகலெடுத்தாக வேண்டும். நடுவில் மின்சாரம் போயிருந்தால் பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலும் கிடக்கும். டிடிரெஸ்க்யூ கொண்டு வட்டை அப்படியே நகலெடுத்து வைத்துவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் போங்கள். நகல் கையில் இருக்கிறது, கோப்புகளைத் திறந்தும் பார்த்தாயிற்று என்ற பிறகு ஃபார்மேட் செய்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

காளி லினக்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். காணொளியில் பார்த்தோம், நண்பன் போட்டான் என்பதற்காக வட்டை அறுக்காதீர்கள். கற்றுக்கொள்ள வர்ச்சுவல்பாக்ஸே போதும். பிழைச் செய்தியைப் பொறுமையாகப் படிப்பதில் சிலருக்கு இயல்பாகவே ருசி இருக்கும். அவர்கள் இதில் ஒரு நாள் செலவழித்தால், பாடத்தில் வராத பலவற்றைக் கற்பார்கள். அந்த ருசி இல்லாதவர் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைப்பதில் குறை எதுவும் இல்லை. பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: லேப்டாப் இரண்டு நாள் மூடிக் கிடந்தால் படிப்பு போய்விடாது. பிள்ளைக்கு அந்த இரண்டு நாளைக் கொடுங்கள்.

கடைக்குத்தான் போகிறீர்கள் என்றால், திரையில் வந்த செய்தியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். லேப்டாப்பைக் கொடுக்கும் முன், கோப்புகளை எதில் நகலெடுப்பீர்கள் என்று கேளுங்கள். "கேட்காமல் ஃபார்மேட் செய்ய வேண்டாம்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.